பொட்டு உடையாத கதவு

அத்தியாயம் 9

திரிபுரசுந்தரி அந்தப் பெட்டியைப் பத்து நிமிஷமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் தொடவில்லை.

ஜெயவேலுவுக்குக் கண் எரிந்தது. அறையைப் பூட்டிப் பத்து நாள் ஆகியும் வாடை போகவில்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாடைதான். ஆனால் அங்கே ஒரு சின்ன டியூப். இங்கே அண்டா அண்டாவாக.

“இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி நின்னுகினு கீற? புடிச்சுதா இல்லியான்னு சொல்லிட்டீன்னா நான் போயி ஒரு டீ அடிப்பேன்.”

“பொண்ணு பாக்கப் போனா தொட்டா பாப்பாங்க? சும்மா இரு.”

ஜெயவேலு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், அதை விட்டுவிட்டு இவளிடம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு எம்.எய்ட்டி வண்டி. அதுதான் அவர்களுடைய துப்பறியும் நிலையம். திரிபுரசுந்தரி அதற்கு முன்னால் செங்கல்பட்டு கோர்ட்டில் பன்னிரண்டு வருஷம் டைப் அடித்தவள். பொய் சாட்சி சொல்கிறவன் கேட்காத விவரத்தைத் தானாகச் சேர்த்துச் சொல்வான் என்பது அவள் விரல் நுனியில் ஏறிப்போன பாடம்.

முடிச்சூரில் வயல்களை மனை போட்டு விற்றது போக மிஞ்சிய மூலையில் வேதாசலம் கட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை அது. முன்பக்கம் தையல் மெஷின்கள். பின்பக்கம் இந்த சொல்யூஷன் ரூம். வெளிநாட்டுக்குப் போகும் ஷூக்களின் மேல்தோலை இங்கேதான் பெண்கள் பசை தடவி ஒட்டினார்கள். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், கனகவல்லி என்பவள் கையில் பிரஷ்ஷோடு மேஜைமேல் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தார்கள். டீ வரும்வரை யாரும் எழுப்பவில்லை. டீ வந்த பிறகு எழுப்பினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

அவள் தலைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, பீரோ மாதிரி இரட்டைக் கதவோடு நின்றுகொண்டிருந்தது இந்தப் பெட்டி.

பெட்டியைச் செய்தவர் வைத்தீஸ்வரன். ஒரு தனியார் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லெக்சரர். மூன்று நாளைக்கு முன் ஜெராக்ஸ் கடை மாடிக்கு வந்து, உட்காரச் சொன்னதுகூடக் காதில் விழாமல் நின்றுகொண்டே சொன்னார். உள்ளே ஒன்பது கண்ணாடித் தட்டுகள். தட்டின்மேல் ஒரு வெள்ளைப் பூச்சு. எதிரே புற ஊதா வெளிச்சம் தரும் நான்கு நீலக் குழல் விளக்குகள். அந்த வெளிச்சம் பட்டால் பூச்சுக்கு உயிர் வரும். ஃபேன் உறிஞ்சும் பசை வாடை அதன்மேல் பட்டதும் உடைந்து, வெறும் நீராவியும் கரிக்காற்றுமாகப் போய்விடும். பூச்சு செலவாகாது. வெளிச்சம் இருக்கிற வரை வேலை செய்துகொண்டே இருக்கும்.

“அடுப்பு இல்லாம நாத்தத்தை எரிக்கிற மிஷினு” என்று ஜெயவேலு அன்றைக்கே சுருக்கிவிட்டான். வைத்தீஸ்வரனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தப்பென்றும் அவரால் சொல்ல முடியவில்லை.

போலீஸ் வந்து ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து ஏதோ விஷவாயு வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. வரும் திங்கட்கிழமை வைத்தீஸ்வரனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போனால் வேலை போகும். திரும்பி வருவதும் நிச்சயமில்லை.

“என் மெஷின் கொல்லாது மேடம். அது காப்பாத்தற மெஷின். வேதாசலம் கரண்ட் மிச்சம் பிடிக்க டியூபை மாத்தியிருக்கார். சாதா டியூப்லைட்ல நீல பேப்பர் சுத்தியிருப்பார்.” கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று மட்டும் திரிபுரசுந்தரி அன்றைக்குக் கேட்டாள். “நான் அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி வந்து ஒன்பது தட்டையும் ஒவ்வொண்ணா வெளில எடுத்துப் பார்த்தேன். சர்வீஸ் கார்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுக்கப்புறம்தான் யாரோ கை வச்சிருக்காங்க.”

இன்றைக்கும் அவர் வந்திருந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ப்ளக்கைச் சொருகு. ரூம் லைட்டை அணை” என்றாள் திரிபுரசுந்தரி.

இரண்டு ஜன்னலிலும் பிளைவுட் பலகை வைத்து ஆணி அடித்திருந்ததால் அறை பட்டப்பகலில் இருண்டது. பெட்டி உறுமியது. அடியில் இருந்த கம்பி வலை வழியாக மங்கலான நீல வெளிச்சம் தரையில் கசிந்தது.

“கீழ குனிஞ்சு உன் சட்டையைக் காட்டு.”

“இது இன்னா வைத்தியம்?” என்றபடி ஜெயவேலு குனிந்தான். வலைக்கு நேராக வந்ததும் அவனுடைய வெள்ளைச் சட்டை, உள்ளே பல்பு போட்ட மாதிரி ஜொலித்தது. பித்தானும் வியர்வைக் கறையும் மட்டும் கறுப்பாக நின்றன.

“சலவைப் பவுடர்ல வெளுப்பு மருந்து சேர்க்கிறான். அசல் புற ஊதாவுக்குத்தான் அது இப்படி எரியும். நீல பேப்பருக்கு எரியாது. டியூபை யாரும் மாத்தலை.”

“எம் பொண்டாட்டி நல்லாத்தான் தோய்க்கிறா போல. பன்னெண்டு வருசமா சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன்.” அவன் நிமிர்ந்தான். “அப்ப வாத்தியாரு சொன்னது பொய்யா, பூட்டகேஸா?”

“பாதி. விளக்கு எரியுது, ஃபேன் ஓடுது. மிச்சம் தட்டுதான்.”

அவன் கதவுப் பிடியில் கை வைக்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“லைட்டைப் போட்டுட்டு, இதைப் பாரு.”

இரட்டைக் கதவுகள் சேருகிற இடத்தில், சரியாக நடுவில், எட்டணா அகலத்துக்குச் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. பாதிப் பொட்டு இடது கதவில், பாதி வலது கதவில். காய்ந்து, வற்றிய ஏரி மண் மாதிரி பொடிப்பொடியாக வெடித்திருந்தது. ஆனால் இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள கோட்டில் மட்டும் பிளவே இல்லை.

“ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டுக்கா. எம் வண்டிக்கு வச்சதும் இன்னும் கீது. மழையில மூஞ்சி வழிஞ்சி, அழுத பொம்பள மாதிரி கீது.”

“ஆயுத பூஜை எப்ப?”

“இருவதாந்தேதி.” சொல்லி முடித்த பிறகுதான் ஜெயவேலுவுக்கு உறைத்தது.

சொல்யூஷன் ரூம் வாசலில், வெளிப்பக்கச் சுவரில், ஆணியில் தொங்கிய கார்டை அவள் எடுத்து வந்தாள். கடைசி வரி: 28.10.96. தட்டுகள் 9, நல்ல நிலை. கீழே வைத்தீஸ்வரனின் சுழித்த கையெழுத்து.

“இருபதாம் தேதி வச்ச பொட்டு. இருபத்தெட்டாம் தேதி கதவைத் திறந்து ஒன்பது தட்டை எடுத்த மனுஷன் பொட்டை உடைக்காம எடுத்திருக்கார்.”

“புகை மாதிரி உள்ள பூந்து வந்திருப்பாரோ இன்னாவோ.”

“போட்டோ எடு. பொட்டோட கார்டையும் சேர்த்துப் பிடி. மூணு எடு.”

ஃப்ளாஷ் மூன்று தடவை மின்னியது. பிறகுதான் அவள் ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டுக் கதவை இழுத்தாள். சந்தனம் மெல்லிய சத்தத்தோடு இரண்டாக உடைந்து, பாதி தரையில் உதிர்ந்தது.

உள்ளே ஒன்பது தட்டுகள் வரிசையாக நின்றன. வெள்ளையாக ஒன்றுகூட இல்லை. கல்யாண வீட்டுக்கு வாங்கின புது டம்ளர் மாதிரி பளபளவென்று இருந்தன. ஒன்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டியின் பின்தகடும், அதிலிருந்த துருவும் துல்லியமாகத் தெரிந்தன.

ஜெயவேலு உள்ளே கையை விட்டு, அடித்தட்டின் மூலையிலிருந்து எதையோ நகத்தால் எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

ஒரே ஒரு பொரி.

“பூஜை பொரிக்கா. சாமி உள்ளாறயே வந்து சாப்ட்டுப் போயிருக்காரு.”

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

முதலாளி வேதாசலத்தைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது. விரலில் மூன்று மோதிரம். நெற்றியில் விபூதி.

“பூஜைக்கு இந்தப் பொட்டியை யாரு தொடச்சது?” என்று கேட்டாள் திரிபுரசுந்தரி.

“நானா தொடச்சேன்? வருசா வருசம் அவுங்கவுங்க மிஷினை அவுங்கவுங்க கழுவி வைக்கணும். அதான் இங்க வழக்கம். இந்தப் பொட்டி கனகவல்லி சீட்டுக்குப் பின்னாடி கீது. அவளும் தங்கச்சிக்காரி காந்திமதியும் தேச்சாங்க. ஏய் காந்திமதி, இங்க வா.”

தையல் மெஷின் சத்தத்தில் ஒன்று நின்றது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அக்கா செத்துப் பதினோராவது நாள் வேலைக்கு வந்திருக்கிறாள். காரியம் முடிந்ததே நேற்றுத்தான்.

திறந்திருந்த பெட்டியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ லேசாக மலர்ந்தது.

“இன்னும் பளபளன்னு கீது” என்றாள்.

“நீயா தேச்சே?” திரிபுரசுந்தரியின் குரல் தணிந்திருந்தது.

“நானும் எங்கக்காவும். கண்ணாடி பூரா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சி இருந்துச்சுங்க. துணியில போவல. புளி போட்டுத் தேச்சோம், போவல. அப்புறம் பாத்திரப் பவுடரும் தேங்கா நாரும் வச்சித் தேச்சி, மூலையெல்லாம் பிளேடால சொரண்டினேன். அரை நாளு ஆச்சி. எங்கக்கா உள்ள பொரிக் கடலை போட்டு, கதவை மூடிப் பொட்டு வச்சி, கப்பூரம் காட்டுச்சு. இந்தப் பொட்டிதான் நம்ம உசிரைக் காப்பாத்துது, இதுக்குத்தான் மொதல்ல பண்ணணும்னு சொல்லிச்சு.”

“பொட்டி வந்த பிறகு வாடை குறைஞ்சுதா?”

“ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு. அக்காவுக்குத் தலைவலியே வரல. பூஜைக்கு அப்பாலதான் மறுபடியும் மயக்கம், வாந்தி. ஜன்னலைத் தொறங்கன்னு கேட்டுச்சு. அதான் மிஷினு ஓடுதேன்னுட்டாரு.”

“லெதர்ல தூசி ஒட்டிக்கினா சரக்கு திரும்பி வந்துரும்” என்றார் வேதாசலம். ஆனால் அவர் பார்வை பளபளத்த தட்டுகளிலேயே இருந்தது. கணக்குப் போடுகிறவர் முகம் மெல்லத் தெளிவது மாதிரி அவர் முகம் தெளிந்தது. “இரு இரு. அப்ப அந்த வெள்ளைதான் மருந்தா? அதை இவளுங்களே சொரண்டிக் கொட்டிட்டாளுங்களா? பாத்துக்க. எம் மேல ஒரு தப்பும் கெடையாது. அவுங்களே பண்ணிக்கினது.”

காந்திமதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

“வேதாசலம்” என்றாள் திரிபுரசுந்தரி. சார் போடவில்லை. “அந்தப் பலகையில ஆணி அடிச்சது இவளா?”

அவர் மோதிரத்தைத் திருகினார்.

“நீ போம்மா, உள்ள போ” என்று காந்திமதியை அனுப்பிவிட்டு அவள் வெளியே நடந்தாள். ஜெயவேலு பின்னால் ஓடினான்.

“யக்கா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லப் போறியா?”

“தெரியலை.”

ஆறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதில்லை.

புங்கமரத்தடியில் வைத்தீஸ்வரன் கைக்குட்டையை எடுக்காமலே கேட்டார். “என்ன மேடம், டியூப்தானே?”

“டியூப் அசல். ஃபேனும் ஓடுது. தட்டுல பூச்சுதான் இல்லை. யாரோ கழுவியிருக்காங்க.”

“நான் சொன்னேனா இல்லையா?” அவருடைய தோள் இரண்டும் இறங்கின. மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு விட்டவர் மாதிரி இருந்தார். “யாரு?”

“வேலை செய்யற பொண்ணுங்க. ஆயுத பூஜைக்கு.”

“கடவுளே. அறியாமை மேடம், அறியாமை. இந்த நாட்டுல ஒரு சயன்ஸ் பண்ண முடியுமா? ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடுங்க. தொழிலாளிகளே பூச்சை அழிச்சுட்டாங்கன்னு. திங்கட்கிழமை அதைக் கொடுத்துட்டா என் பிரச்சினை தீர்ந்தது.”

“எழுதிடறேன். ஒரே ஒரு சந்தேகம். பூஜை இருபதாம் தேதி. நீங்க இருபத்தெட்டாம் தேதி ஒன்பது தட்டையும் ஒவ்வொண்ணா வெளில எடுத்துப் பார்த்தீங்க.”

ரோட்டில் படப்பை பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது போய் மறைகிற வரை அவர் அதையே பார்த்தார்.

“அப்ப, அதுக்கப்புறம் கழுவியிருப்பாங்க.”

“கதவுல வச்ச பொட்டு உடையலை சார்” என்றான் ஜெயவேலு. “நாங்கதான் இப்ப ஒடச்சோம். போட்டோ புடிச்சிட்டுத்தான் ஒடச்சோம்.”

“அன்னைக்கு நான் கேட்டது, எப்ப வந்தீங்கன்னு மட்டும்தான்” என்றாள் திரிபுரசுந்தரி. “ஒன்பது தட்டு, ஒவ்வொண்ணா, வெளியில எடுத்து, இதெல்லாம் நீங்களா சேர்த்தது. கார்டு ரூமுக்கு வெளியே தொங்குது. நீங்க உள்ளயே போகலை.”

கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது.

“எனக்கு மைக்ரேன் மேடம். அந்த ரூம்ல ரெண்டு நிமிஷம் நின்னா மூணு நாள் படுத்துடுவேன்.”

“கனகவல்லி தெனம் எட்டு மணி நேரம் அங்கதான் ஒக்காந்திருந்துச்சு சார்” என்றான் ஜெயவேலு.

“தட்டை யாரும் தொடக் கூடாதுன்னு அவங்ககிட்ட ஏன் சொல்லலை?”

“பேடன்டுக்கு இன்னும் அப்ளை பண்ணலை. பூச்சு என்னன்னு வெளில தெரிஞ்சா அடுத்த வாரமே பத்து பேர் செய்வான். அதோட, டைட்டானியம், புற ஊதான்னு சொன்னா அவங்களுக்கு என்ன புரியும்?”

“எனக்குப் புரிஞ்சுது சார். நான் எட்டாவது ஃபெயிலு. வெள்ளையைத் தொடாதேம்மான்னா போதாதா? அதுல இன்னா கெமிஸ்ட்ரி கீது?”

வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டபோது வேறு ஆளாக இருந்தார். குரலில் நடுக்கம் போய், வகுப்பில் பேசுகிற நிதானம் வந்திருந்தது.

“ஒண்ணு யோசிங்க மேடம். பொட்டு எந்த நாள்லயும் வைக்கலாம். இந்த மாதிரி இடத்துல வெள்ளிக்கிழமை தோறும் வைக்கிறாங்க. அது ஆயுத பூஜை அன்னைக்கு வச்ச பொட்டுதான்னு யார் சொல்லணும்? கழுவினவ சொல்லணும். வச்ச கனகவல்லி இல்லை. மிச்சம் தங்கச்சி. அவளைக் கூண்டுல ஏத்தினா என் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தப் பூச்சைச் சுரண்டினது யார் கைன்னு. அந்தப் பொண்ணு மிச்ச நாளை எப்படிக் கழிப்பா? அக்காவைக் கொன்னது நாமதான்னு தெரியாம இருக்கிறதுதான் அவளுக்கு நல்லது. நான் அவளுக்காகத்தான் சொல்றேன்.”

ஜெயவேலு திரிபுரசுந்தரியின் முகத்தைப் பார்த்தான். இந்த மாதிரி நேரத்தில் அவள் கையில் எப்போதும் இன்னொரு சீட்டு இருக்கும். இன்றைக்கு இல்லை. அந்த மனுஷன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. சந்தனம், கார்டு, பொரி எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பெண்ணின் வாயில் போய் முட்டிக்கொண்டு நின்றன. அவளிடம் சொல்லாவிட்டால் இந்த ஆளும் அந்த மோதிரக்காரரும் தப்பித்துக்கொள்வார்கள். சொன்னால் அவள் தப்பிக்க மாட்டாள்.

“அண்ணா.”

மூன்று பேரும் திரும்பினார்கள். கேட்டுக்கு உள்பக்கம் காந்திமதி நின்றிருந்தாள். கையில் ஜெயவேலுவின் கேமரா உறை.

“இதை மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க” என்றாள்.

எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் உறையைக் கொடுக்கவும் மறந்து அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“அந்த வெள்ளைதான் சார், வாடையைத் தின்னுதா?”

வைத்தீஸ்வரன் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களைத்தான் சார் கேக்குது” என்றான் ஜெயவேலு.

“ஆமாம்” என்றார் அவர்.

“போதும் வுட்றின்னு எங்கக்கா சொல்லிச்சு. நான்தான் இன்னும் ஒரு மூலை கீதுன்னு...” அவள் நிறுத்திக்கொண்டாள்.

திரிபுரசுந்தரி அவள் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை.

“நீ எதுவும் சொல்ல வேணாம்மா. வேற வழி இருக்கான்னு நான் பாக்கறேன்.”

“வேற வழி இல்லைன்னு அவரு சொன்னாரே. கேட்டேன்.”

தையல் மெஷின்கள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் பலகைகளில் ஆணி அப்படியே இருந்தது. காந்திமதி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உறையை ஜெயவேலுவிடம் நீட்டினாள்.

“பேப்பர் எடுங்க மேடம். எங்க வந்து சொல்லணும்னாலும் சொல்றேன். ஆனா அது இன்னான்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலைன்றதை மொதல்ல எழுதுங்க. நான் தேச்சதை அதுக்கு அப்பால எழுதுங்க.”

திரிபுரசுந்தரி ஸ்கூட்டர் சீட்டின்மேல் நோட்டை விரித்து, அந்த வரிசையிலேயே எழுதினாள்.